காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்: ஓடும்போது குறையில்லை, நிற்கும்போதுதான் நேரம் போகிறது

வேலூரின் காட்பாடி ஜங்ஷன் வாசலில் நின்று சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், பூ விற்கிறவரிலிருந்து போர்ட்டர் வரை ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஒண்ணு இல்லன்னா ரெண்டாம் நம்பர் ஏறுங்க. சிஎம்சி போகும், பாகாயம் வரைக்கும் போகும்." ஸ்டேஷன், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், சிஎம்சி, ஊரீசு கல்லூரி, ஓட்டேரி, பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி என்று ஊருக்கு முக்கியமான இடங்கள் எல்லாம் நூல் பிடித்தமாதிரி இந்த ஒரு கோட்டில் வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இத்தனை தேவை ஒரே கோட்டில் குவிந்திருக்கும் நடுத்தர ஊர்கள் அதிகம் இல்லை. விரைவுப் பேருந்துத் தடத்துக்கு, அதாவது பிஆர்டிக்கு, அடிப்படையாகக் கேட்கப்படுவதும் இந்த மாதிரி ஒரு நேர்கோடுதான். அதனால் இந்த டவுன் பஸ் சேவையைப் பிஆர்டியின் அளவுகோலை வைத்தே அளந்து பார்க்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பகல் நேரத்தில் வண்டிக்குப் பஞ்சமில்லை. அரசு வண்டியும் ஓடுகிறது, தனியார் வண்டியும் ஓடுகிறது. நம்பர் ஊருக்கே மனப்பாடம். மே 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்களின் மாதக் கணக்கில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது இந்தத் தடத்தில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். டிரைவர்களின் திறமையிலும் குறை சொல்ல இடமில்லை. வெறும் சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

நேரம் போவது நிற்கும் இடத்தில்.

காட்பாடி ஸ்டேஷனையே பாருங்கள். ஒரு எக்ஸ்பிரஸ் வந்து சில நிமிடம் நிற்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கான பேர் பெட்டி படுக்கையோடு இறங்கிவிடுகிறார்கள், ஏறுகிறவர்களும் ஏறிவிடுகிறார்கள். அதே கூட்டம் வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறும்போது, அறுபது பேருக்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இரண்டு இடத்திலும் மக்கள் அதே மக்கள்தான். ரயிலில் டிக்கெட் உள்ளே கொடுப்பதில்லை, கதவு பல, நடைமேடை உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் உள்ளே, கதவு இரண்டு, ஏற்றம் தரையிலிருந்து. பிஆர்டி என்பது ரயிலுக்கு இருக்கும் இந்த மூன்று வசதியையும் சாலைக்குக் கொண்டுவரும் முறை. தனித்தடம் அதற்கு அப்புறம்தான். பலரும் தனித்தடத்தை மட்டும் பிஆர்டி என்று நினைத்துக்கொண்டு, "நம்ம ஊர் ரோட்டுல எங்கங்க இடம்?" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

சிஎம்சி வாசல் ஸ்டாப்பிங்கில் காலை எட்டரை மணிக்கு வண்டியின் பின்கதவைக் கவனியுங்கள். முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலும் படிகள். வயதானவர் ஒருவர் எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை வைத்து, மூச்சு வாங்கி, இடது காலைத் தூக்குகிறார். மேல்படியில் ஏற்கெனவே இரண்டு பேர் நிற்பதால் அங்கேயே தேங்கிவிடுகிறார். பின்னால் இருக்கும் பெண் கைக்குழந்தையை உள்ளே இருக்கிற யாரிடமோ நீட்டிவிட்டு ஏறுகிறார். இறங்க வேண்டியவர்களும் அதே கதவில் வழி கேட்டு நிற்கிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவரும் வேறு என்ன செய்ய முடியும்? இப்படி ஏறும்போது ஒருவருக்கு 3 நொடி என்பது தாராளமான கணக்கு அல்ல, இறுக்கமான கணக்கு.

அந்த 3 நொடியை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு ஸ்டாப்பிங்கில் 12 பேர் ஒரே கதவில் ஏறி இறங்கினால் 36 நொடி, வண்டி நின்று கிளம்ப 4 நொடி, மொத்தம் 40. ஒரு நடைக்கு 20 ஸ்டாப்பிங் என்றால் 800 நொடி, அதாவது 13 நிமிடம் 20 நொடி வண்டி சும்மா நிற்கிறது. அதே 12 பேர், வண்டியின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்து, இரண்டு அகலக் கதவில் பிரிந்தால் ஆளுக்கு 2 நொடி போதும். 12 நொடியோடு, நின்று கிளம்ப ஒரு 3 நொடி சேர்த்து 15. இருபது ஸ்டாப்பிங்குக்கு 5 நிமிடம். ஒரு நடைக்கு 8 நிமிடம் 20 நொடி மிச்சம். போக வர 16 நிமிடம் 40 நொடி. போக வர, முனையில் ஓய்வு எல்லாம் சேர்த்து 120 நிமிடச் சுற்று, 12 வண்டி என்று வைத்தால் இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. சுற்று 103 நிமிடமாகச் சுருங்கினால் அதே 12 வண்டி எட்டரை நிமிடத்துக்கு ஒன்றாக வரும். புது வண்டி, புது டிரைவர் ஒன்றும் வேண்டாம். பிஆர்டியின் பலன்களில் எங்களுக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்: பயணி மிச்சம் பிடிக்கிற நேரம் டிப்போவுக்கு வண்டியாகத் திரும்பி வருகிறது.

டிக்கெட் விஷயத்தில் நம் ஊர் முறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கண்டக்டர் உள்ளே நடந்து டிக்கெட் கொடுப்பதால் ஏறுகிற வேகம் நேரடியாகக் குறைவதில்லை. ஆனால் ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் முடியாவிட்டால், வண்டியை ஓரம் கட்டி, கடைசி ஆள்வரை கொடுத்து, கணக்கு எழுதிய பிறகுதான் விசில். நெரிசல் நேரத்தில் நல்ல சாலையிலேயே வண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். காசு இல்லாத பெண்கள் டிக்கெட்டும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாக வேண்டும் என்பதால், இலவசமானதால் வேலை குறைந்துவிடவில்லை. இதற்கு நம் ஊருக்கே பழக்கமான மருந்து ஒன்று இருக்கிறது. பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியில் கிளம்புமுன்பே டிக்கெட் கொடுத்து முடிக்கிற வழக்கம்தான் அது. காட்பாடி ஸ்டேஷன், பழைய பஸ் ஸ்டாண்டு, சிஎம்சி ஆகிய மூன்று இடத்தில் மட்டும், காலை 8 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் தரையில் ஒரு கண்டக்டரை நிறுத்தி, ஏறுமுன் டிக்கெட் கொடுத்தால் போதும். கூட்டத்தின் பெரும்பகுதி அந்த மூன்று இடத்தில்தான் ஏறுகிறது. கண்ணாடிக் கூண்டு, தானியங்கிக் கேட், கார்டு எல்லாம் பிறகு வரட்டும்.

இந்த யோசனைகள் புதியவை அல்ல. பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-லேயே சாலை நடுவில் பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டது. ஆனால் அந்த ஊர் பேர் வாங்கியது 1991-இல் வந்த கண்ணாடிக் குழாய் நிலையங்களால். குழாயின் வாசலிலேயே காசு கட்டிவிட வேண்டும், உள்ளே மேடை, வண்டி வந்து நின்றதும் கதவடியிலிருந்து ஒரு பலகை விழுந்து இடைவெளியை மூடும், ஒரே மட்டத்தில் நடந்து ஏறலாம். கொலம்பியாவின் பொகோட்டா 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோவில் நிலையங்களில் முந்திச் செல்லும் கூடுதல் தடம் வைத்தார்கள். எல்லா ஸ்டாப்பிங்கிலும் நிற்கிற வண்டியை எக்ஸ்பிரஸ் வண்டி தாண்டிப் போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது கடத்தியது அந்த ஒரு தடத்தால்தான். வேலூருக்கு அத்தனை பெரிய எண் தேவையில்லை. ஆனால் நிலையம்தான் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது, சாலை அல்ல என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

டெல்லியின் கதை நேர் எதிர். அம்பேத்கர் நகர்–மூல்சந்த் 5.8 கிலோமீட்டர் தடம் 2008-இல் திறந்தது, 2016-இல் இடித்து எடுக்கப்பட்டது. கார்க்காரர்களின் கோபத்தை எல்லாரும் சொல்கிறார்கள். கட்டுமானத்தில் இருந்த கோளாறைச் சொல்பவர்கள் குறைவு. ஸ்டாப்பிங்குகளை அங்கே சிக்னல் கோட்டை ஒட்டியே வைத்திருந்தார்கள். முதல் வண்டி ஆள் ஏற்றும்போது பச்சை விழுந்து போய்விடும். ஏற்றி முடித்ததும் சிவப்பு. பின்னால் நிற்கும் வண்டிகளுக்கு மேடையும் இல்லை, பச்சையும் இல்லை. நிலையம் சந்திப்பிலிருந்து குறைந்தது 26 மீட்டர், முடிந்தால் 40 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று இன்றைய பிஆர்டி தர அளவுகோல் சொல்வது இந்த மாதிரிச் சிக்கலைத் தவிர்க்கத்தான். டெல்லி நிலையங்களில் தடுப்பு வாசலும் இல்லை. எந்த பஸ்ஸும் தடத்துக்குள் வரலாம் என்பதால் பழைய உயரப் படி வண்டிகளும் வந்து நின்றன. தனித்தடம் இருந்தும் நிற்கும் நேரம் குறையவே இல்லை.

அகமதாபாத்தின் ஜன்மார்க் 2009 அக்டோபரில் பிரானா–ஆர்டிஓ 12.5 கிலோமீட்டரில் தொடங்கியபோது வேறு வழியை எடுத்தது. நடுச்சாலையில் மூடிய நிலையம், அதற்கென்றே வலப்பக்கக் கதவு வைத்த வண்டி, நிலையத்திலேயே டிக்கெட். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹூப்ளி–தார்வாட். இரட்டை ஊர், நடுவில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தடம், 2018 முதல் 'சிகரி' என்ற பெயரில் ஓடுகிறது. நிலையங்களில் முந்தும் தடமும் உண்டு. பெருநகரம் இல்லாத ஊருக்கும் இது பொருந்தும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இரண்டு ஊருக்கும் நடுவில் அகலமான நெடுஞ்சாலை இருந்தது, அகலப்படுத்தவும் முடிந்தது. காட்பாடி–வேலூருக்கு நடுவில் இருப்பது ஆறும் ரயில் பாதையும்.

அகலக் கணக்கை நேராகவே பார்க்கலாம். பஸ்ஸுக்கு இரண்டு தடம், தலா 3.5 மீட்டர்: 7. நடுவில் நிலையம்: 3 முதல் 4. மற்ற வண்டிகளுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு தடம்: 13 முதல் 14. இரு பக்கம் நடைபாதை, தலா 2: மொத்தம் 4. தடுப்புகளையும் சேர்த்தால் 30 மீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சிஎம்சி முன்னால் போகும் சாலையில் அந்த அகலத்தை எங்கே தேடுவது? கடைகளை இடித்துத்தான் போட வேண்டும் என்றால் அந்தத் திட்டத்தை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். அங்கே லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை எல்லாம் நோயாளிகளை நம்பியும், நோயாளிகள் அவற்றை நம்பியும் இருக்கிறார்கள்.

அதனால் முழுத் தடம் வேண்டாம். வரிசை நிற்கிற இடத்தில் மட்டும் துண்டுத் தடம் போதும்.

இந்த இடம்தான் பலருக்கும் புரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸுக்குத் தனித்தடம் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். பாலம் ஒரு புனல். புனலின் கழுத்தில் எல்லாரும் ஒரே வேகத்தில்தான் போகிறார்கள். நெரிசல் தேங்குவது புனலின் வாயில், அதாவது பாலத்துக்கு முன்னால் இருக்கும் சில நூறு மீட்டரில். அங்கே இடது ஓரத்தில் 3.5 மீட்டரை பஸ்ஸுக்கென்று ஒதுக்கி, பாலத்தின் தொடக்கத்தில் ஒரு சிக்னல் வைத்து, பஸ்ஸுக்கு மட்டும் 8 முதல் 10 நொடி முன்கூட்டிப் பச்சை காட்டினால், பஸ் வரிசையைத் தாண்டிப் போய்ப் பாலத்தில் முதலில் ஏறிவிடும். பாலத்தில் எத்தனை வண்டி போகிறது என்ற கணக்கு பெரிதாக மாறாது. வரிசையில் யார் முதலில் என்பது மட்டும் மாறும். அறுபது பேர் உள்ள ஒரு வண்டி முதலில் போவதால், காரில் தனியாக இருக்கும் ஒருவருக்கு ஆகிற தாமதம் சில நொடிதான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இரு பக்கமும் இதே முறை செல்லும்.

கிரீன் சர்க்கிள் இன்னும் சிக்கலானது. சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலைப் போக்குவரத்து, புது பஸ் ஸ்டாண்டு வண்டிகள், காட்பாடிப் பக்கம், ஊர்ப்பக்கம் எல்லாம் அங்கே சந்திக்கின்றன. ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுக்க முடியாது, ஏனென்றால் ரவுண்டானாவின் விதியே வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுவது. முன்னுரிமை வேண்டுமானால் உள்ளே வரும் கைகளில் சிக்னல் வேண்டும். சிக்னல் வைக்கும்போது செய்யக்கூடாத ஒரு தவறு இருக்கிறது: நெரிசல் அதிகம் என்பதால் சுழற்சி நேரத்தை, அதாவது ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை தொடங்கும் வரை ஆகும் நேரத்தை, நீட்டிக்கொண்டே போவது. கணக்கைப் பாருங்கள். 120 நொடிச் சுழற்சியில் பஸ்ஸின் திசைக்கு 80 நொடி சிவப்பு என்றால், மூன்றில் இரண்டு வண்டி சிவப்பில் மாட்டும், மாட்டியது சராசரி 40 நொடி நிற்கும். எல்லா வண்டிக்கும் பிரித்தால் 27 நொடி. சுழற்சி 200 நொடி, சிவப்பு 160 என்றால் ஐந்தில் நான்கு வண்டி மாட்டும், சராசரி 80 நொடி நிற்கும். பிரித்தால் 64 நொடி. அதாவது, சுழற்சியை முக்கால் பங்குக்குக் குறைவாகவே நீட்டினாலும் பஸ்ஸின் தாமதம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. டெல்லி தடத்திலும் பெரிய சந்திப்புகளின் நீண்ட சுழற்சி ஒரு முக்கிய நோயாக இருந்தது. வலப்பக்கத் திருப்பங்களைக் குறைத்து, சிக்னல் கட்டங்களின் (தனித்தனியாகப் பச்சை விழும் முறைகளின்) எண்ணிக்கையை நாலிலிருந்து மூன்றாகவோ இரண்டாகவோ ஆக்குவதே சுழற்சியைச் சுருக்கும் வழி.

அடுத்தது, எல்லாரும் அன்றாடம் திட்டுகிற விஷயம்: "இருபது நிமிஷமா ஒண்ணும் வரல, வந்தா மூணு சேர்ந்து வருது." இது டிரைவர்களின் பிடிவாதத்தால் வருவது என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதி உண்மை. கொஞ்சம் பின்தங்கிய வண்டிக்கு ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் கூடுதல் கூட்டம் சேர்ந்திருக்கும், ஏற்ற நேரம் கூடும், இன்னும் பின்தங்கும். அதற்குப் பின்னால் வருகிற வண்டிக்குக் கூட்டமே இல்லை. நிற்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் தப்பு செய்யாமலேயே இது நடக்கும். அதோடு அரசு வண்டி, தனியார் வண்டி டைமிங் சண்டையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனியாருக்குக் கலெக்‌ஷன்தான் வருமானம் என்பதால் முன்வண்டியைத் தாண்டி அடுத்த ஸ்டாப்பிங் கூட்டத்தைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். இதன் விலை என்ன? ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஒழுங்காக வந்தால் பயணி சராசரியாகக் காத்திருப்பது இரண்டரை நிமிடம். அதே எண்ணிக்கை வண்டி இரண்டிரண்டாக ஒட்டி வந்தால் ஐந்து நிமிடம். வண்டிகளில் பாதியை டிப்போவிலேயே பூட்டி வைத்ததற்குச் சமம்.

மருந்து, நடுவழியில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி. பழைய பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கையில் அட்டவணை நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பதற்குப் பதில், முன்வண்டி போய் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஜிபிஎஸ் இருந்தால் இது சுலபம். கடிகாரமும் நோட்டும் இருந்தாலே முடியும். தனியாரையும் இதற்குள் கொண்டுவர வேண்டுமென்றால், வசூலை வண்டிக்கு வண்டி விட்டுவிடாமல், ஓடின கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கொடுக்கிற ஒப்பந்தமாக மாற்ற வேண்டும். பிஆர்டி ஓட்டுகிற ஊர்களில் பெரும்பாலும் இந்த முறைதான். வேலூரில் இது நடக்காமல் மேடையும் தடமும் போட்டால், புது மேடையிலும் பழைய சண்டைதான் நடக்கும்.

ஸ்டாப்பிங்கின் வடிவத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சாலையை உள்வாங்கி பஸ் பே கட்டினால் நல்லது என்கிறார்கள். நல்லது மற்ற வண்டிகளுக்கு, பஸ்ஸுக்கு இல்லை. உள்ளே போன வண்டி வெளியே வர யாரும் வழி விடமாட்டார்கள். அதனால் டிரைவர் உள்ளே போகாமல் சாலையிலேயே சாய்வாக நிறுத்துகிறார். பயணிகள் நிழற்குடையை விட்டுச் சாலைக்கு இறங்கி நிற்கிறார்கள். காலியான பேயில் ஷேர் ஆட்டோவும், பைக்கும், கொய்யாப்பழ வண்டியும் குடியேறிவிடும். பிறகு பஸ் நினைத்தாலும் உள்ளே போக முடியாது. நெரிசலான ஊர்ச்சாலைக்குச் சரியானது இதற்கு நேர் எதிர்: நடைபாதையையே சாலைப்பக்கம் ஒரு தடம் அளவுக்கு நீட்டி மேடையாக்குவது. பஸ் தன் தடத்தை விடாமலே நின்று, அதே தடத்தில் கிளம்பும். பைக் நிறுத்த இடமே இருக்காது. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் நிற்க 30 மீட்டர் நீளம் வேண்டும். ஷேர் ஆட்டோக்களை விரட்டினால் மறுநாள் திரும்பி வருவார்கள். மேடை முடிந்து 20, 30 மீட்டர் தள்ளி அவர்களுக்கென்று இடம் குறித்துக் கொடுப்பதே வேலைக்கு ஆகும். சந்துகளுக்குள் ஆளைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் அவர்கள்தான்.

மேடை எவ்வளவு உயரம்? இங்கேதான் வேலூருக்கும் அகமதாபாத்துக்கும் வழி பிரிகிறது. 900 மில்லிமீட்டர் உயரத் தள வண்டிக்கு 900 மேடை வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் 10.8 மீட்டர் நீளம் தேவை. நடைபாதை ஓரத்தில் கட்டினால் பின்னால் உள்ள கடையின் முகத்தில் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். 400 மில்லிமீட்டர் தாழ்தள வண்டிக்குச் சாய்தளம் 4.8 மீட்டர் போதும். சிஎம்சி முன் அது அடங்கும். தாழ்தள வண்டிக்கு எதிரி நம் ஊர் வேகத்தடைகள். நினைத்த இடத்தில் நினைத்த உயரத்தில் போட்ட மேட்டில் அடிப்பகுதி இடிக்கும். பிறகு டிப்போவில் "இந்த வண்டி இந்த ரோட்டுக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி தெளிவாகவே இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. தடத்தில் இருக்கும் ஒவ்வொரு தடையையும் வண்டி வாங்குவதற்கு முன்பே இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மேடை கட்டியாகிவிட்டது என்பதற்காக ஒரே மட்ட ஏற்றம் தானாக வந்துவிடாது. வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் மாட்டும். டிரைவர்கள் ஒட்டி நிறுத்தாததற்கு நியாயமான காரணம் உண்டு: செங்குத்தான கல்லில் டயர் பக்கவாட்டு உரசிக் கிழியும், அதற்குக் கேள்வி அவர்களைத்தான் கேட்பார்கள். ஜெர்மனியின் காசல் நகரில் உருவான விளிம்புக்கல் இதற்காகவே செய்தது. அடிப்பகுதி குழிந்து வளைந்திருப்பதால் டயர் அதில் ஏறி, தானாக வழுக்கி நேராகிவிடும், பக்கவாட்டில் சிராய்ப்பு விழாது. அச்சு செய்துகொடுத்தால் நம் ஊர் காங்கிரீட் பட்டறைகளிலேயே வார்க்கலாம். மேடையை ஒட்டி பஸ் நிற்கும் பரப்பைத் தாரில் விடக்கூடாது. காங்கிரீட் போட வேண்டும். வேலூர் வெயிலில் தார் இளகி, ஒரே இடத்தில் நாள் முழுக்க பிரேக் பிடிக்கும் சக்கரத்தின் கீழ் பள்ளமாகும். பள்ளம் விழுந்தால் தளத்தின் மட்டம் மேடையை விட்டு இறங்கிவிடும். மழை பெய்தால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மேடையில் நிற்பவர்கள் மேல் அடிக்கும். டிரைவர் பள்ளத்தைத் தவிர்க்க மேடையை விட்டு விலகி நிறுத்துவார். ஒரு சின்ன மிச்சத்தால் முழு முதலீடும் வீணாகும்.

நிழற்குடைக்கு வருவோம். கத்திரி வெயிலில் இந்த ஊரில் தகரக் கூரைக்கடியில், ஸ்டீல் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். கூரை இரட்டை அடுக்காக, நடுவில் காற்று போகும் இடைவெளியோடு இருக்க வேண்டும். மேற்குப் பக்கம் துளையிட்ட சுவர் வேண்டும். விளம்பரப் பலகை மறைத்தால் காற்றும் வராது, வருகிற பஸ்ஸும் தெரியாது. இருக்கைக்குக் கடப்பைக் கல்லைவிட மரப்பலகை அல்லது தடித்த பிளாஸ்டிக் நல்லது. மேடையின் நீளம் முழுக்க நிழல் இல்லாவிட்டால், நிழல் இருக்கிற மூன்று மீட்டரிலேயே எல்லாரும் திரண்டு, எல்லாரும் ஒரே கதவுக்கு ஓடுவார்கள். ஏறும் நேரம் மறுபடியும் கூடிவிடும். ஆகவே நிழலும் பஸ்ஸின் வேகத்தைப் பாதிக்கும் ஒரு விஷயம்தான்.

சிஎம்சிக்கு வருகிறவர்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்கள் ஏராளம். ஆந்திரக்காரர்கள் எப்போதும் உண்டு. போர்டில் ஊர்ப்பெயர் சின்ன எழுத்தில் தமிழில் மட்டும் இருந்தால் அவர்களால் படிக்க முடியாது, கண்டக்டரிடம் கேட்பார்கள், அந்தக் கேள்வி பதிலுக்கும் ஒரு பத்து நொடி போகும். நம்பர்தான் எல்லா மொழிக்கும் பொது. முன்பக்கம், இடப்பக்கக் கதவோரம், பின்பக்கம் மூன்றிலும் நம்பர் பெரிதாகத் தெரிய வேண்டும். மேடையில் தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம், தெலுங்கு ஐந்திலும் ஒரே வரி போதும்: இந்த மேடை காட்பாடி ஸ்டேஷனுக்கு, அந்த மேடை பாகாயத்துக்கு. ரத்தினகிரி அருகே இருக்கும் ராணிப்பேட்டை வளாகத்துக்கு எங்கே ஏற வேண்டும் என்பதும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும். இரண்டு வளாகத்தையும் குழப்பிக்கொண்டு, அப்பாயின்ட்மென்ட் நேரத்தில் தவறான வண்டியில் ஏறிவிட்டால் நோயாளிக்கு அந்த நாளே போய்விடும்.

மேடைக்கு எத்தனை வண்டி தாங்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒரு நிறுத்துமிடம் மணி நேரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் பின்னால் வரிசை விழத் தொடங்கும் என்பது பிஆர்டி திட்டமிடுபவர்களின் நடைமுறைக் கணக்கு. ஒரு வண்டி 40 நொடி நின்று, இடம் காலியாக 10 நொடி எடுத்தால், அந்த 40 சதவீதத்துக்குள் மணிக்கு 29 வண்டி தாங்கும். 15 நொடி நின்றால் 58. சிஎம்சி ஸ்டாப்பிங்கில் எல்லா நம்பர் டவுன் பஸ்ஸும் வந்து சேர்வதால் அங்கே இரண்டு நிறுத்துமிடம் கட்டாயம். காட்பாடிப் பக்கம் போவதை ஒன்றிலும் மற்றவற்றை மற்றொன்றிலும் பிரித்துவிட்டால், பயணி எந்த முனையில் நிற்பது என்று தெரிந்து முன்பே போய் நிற்பார்.

இது எதையும் யாரும் நம்பிக்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வாட்ச், ஒரு நோட்டு, இரண்டு பேர் போதும். வார நாளில், காலை எட்டிலிருந்து பத்து வரை சிஎம்சி ஸ்டாப்பிங்கில் நில்லுங்கள். ஒருவர் ஒவ்வொரு வண்டியின் நம்பர், சக்கரம் நின்ற நேரம், சக்கரம் உருண்ட நேரம் மூன்றையும் எழுத வேண்டும். கதவு திறந்த நேரம் வேண்டாம், பல வண்டியில் கதவே இல்லை. இன்னொருவர் ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் கதவு வாரியாக எண்ண வேண்டும். வண்டி மேடையோரம் நின்றதா, சாலை நடுவிலா என்று ஒரு குறி. முந்தின அதே நம்பர் வண்டிக்கும் இதற்கும் எத்தனை நிமிடம் என்று ஒரு குறி. மறுநாள் அதே நேரத்தில் பாலத்துக்கு முன்னால் நின்று, வரிசையில் சேர்ந்த நேரத்தையும் பாலத்தில் ஏறின நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு நாள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பணத்தை முதலில் மேடையில் போடுவதா, பாலத்தின் வாயில் போடுவதா என்பது தெரிந்துவிடும். எங்கள் கணிப்பு மேடை. தாள் வேறு சொன்னால் தாளின் பக்கமே நிற்போம்.